கதையைக் காட்டினால் மட்டும் போதாது

வகுப்பில் திரை வைத்துக் கதை காட்டினால் பிள்ளைகளுக்கு வாசிப்பு வரும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். காட்டுவது நல்லதுதான். 2015-இல் பிரதம் புக்ஸ் என்ற சிறுவர் நூல் பதிப்பகம் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் படத்தோடு தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நானும் என் நான்காம் வகுப்புக்குக் காட்டுகிறேன். ஆனால் பிள்ளைகளே கதை செய்யும்போது நடப்பது வேறு.

எங்களிடம் இருப்பது என் செல்போன் ஒன்றுதான். நாலு பேர் ஒரு குழு. பாட்டியிடம் கேட்டு வந்த கதையை ஆறு படமாக வரைவார்கள், நான் போட்டோ எடுப்பேன், அவர்கள் குரல் கொடுப்பார்கள். அந்த நேரம் ஃபேனை நிறுத்திவிடுவோம், இல்லாவிட்டால் இரைச்சல்தான் பதிவாகும். வாசிக்கச் சொன்னால் வாயே திறக்காத ஒரு பெண் தன் குரலைக் கேட்டுவிட்டு, "டீச்சர், மழைன்னு சொல்றதுக்கு மலைன்னு சொல்லிட்டேன், இன்னொரு வாட்டி" என்றாள். அப்புறம் ஐந்து முறை பதிவு செய்தோம். நான் ஒரு தடவைகூடத் திருத்தவில்லை.

இசை, எஃபெக்ட் சேர்ப்பதிலேயே பாடவேளையைக் கரைத்துவிட வேண்டாம். கதையை எழுதி, வேண்டாததை வெட்டி, வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதில்தான் மொழி வளர்கிறது. இன்னொன்று, பிள்ளைகளின் முகம் தெரியும் வீடியோவை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். வரைந்த படமும் குரலும் போதும், அதுவும் பெற்றோரைக் கேட்டுவிட்டு.