பூட்லோடரை லாக் பண்ணச் சொல்றவங்களே, சாவியைப் பத்தி வாய் திறங்க

"கஸ்டம் ரோம் போட்டாச்சா? கடைசியா பூட்லோடரை லாக் பண்ணிடுங்க, அதான் சேஃப்." இந்த ஒரு வரியைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. கஸ்டம் ரோம்னா, போன் கம்பெனி குடுத்ததுக்குப் பதிலா வேற யாரோ செஞ்ச ஆண்ட்ராய்டு சிஸ்டம். பூட்லோடர்னா, போன் ஆன் ஆனதும் முதல்ல ஓடி அந்த சிஸ்டத்தை எழுப்பற புரோகிராம். சாவின்னா, சிஸ்டம் யார் செஞ்சதுன்னு காட்டற டிஜிட்டல் கையெழுத்தைப் போடவும் சரிபார்க்கவும் உதவற கோடு. எந்த போன், எந்த ரோம், யாரோட சாவியில கையெழுத்தானதுன்னு ஒரு கேள்வி கிடையாது. எல்லாருக்கும் ஒரே அட்வைஸ். அதை நம்பின பசங்க அரூர், பென்னாகரம்னு எங்கிருந்தோ பஸ் ஏறி வந்து, தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கற செல்போன் கடைகள்ல ஏறி இறங்கறாங்க. "போர்டு போச்சு தம்பி, வேற போன் பாரு"ன்னு பதில் வருது. போர்டு எங்க போச்சு? போர்டு, டிஸ்ப்ளே, பேட்டரி எல்லாம் நல்லாத்தான் இருக்கு. தனக்குத் தெரியாத கையெழுத்தைப் பார்த்து பூட்லோடர் உள்ள விட மாட்டேங்குது.

லாக் ஆன போன், ஒவ்வொரு தடவை ஆன் ஆகும்போதும் சிஸ்டத்தோட கையெழுத்தைச் சரிபார்க்கும். கம்பெனி சாவின்னா பச்சை நிலை. நாம பதிஞ்ச சாவின்னா மஞ்சள், ஒரு எச்சரிக்கை காட்டிட்டு உள்ள விடும். அன்லாக்னா ஆரஞ்சு. லாக் ஆகியிருந்து எந்தச் சாவியும் பொருந்தலைன்னா சிவப்பு, போன் அங்கேயே நின்னுடும். அந்த மஞ்சள் நிலை எல்லா போன்லயும் இல்ல. இதைத்தான் எவனும் சொல்றதில்ல! கூகுளோட பிக்சல் போன்ல உண்டு. ரோம் செஞ்சவங்க தர்ற சாவியை 'ஏவிபி கஸ்டம் கீ'ன்னு ஃபிளாஷ் பண்ணிட்டு (போன்ல எழுதிட்டு) அப்புறம் லாக் பண்ணணும். நம்ம பசங்க வாங்கற பத்தாயிரம் ரூபாய் போன்ல பெரும்பாலும் அந்தச் சாவிக்கு இடமே கிடையாது. அதுல லைனேஜ்ங்கற கஸ்டம் ரோமைப் போட்டு லாக் பண்ணா சிவப்புதான். போனோட முழு அதிகாரத்தையும் எடுத்துக் குடுக்கற மேஜிஸ்க் டூல் வச்சு பூட் இமேஜை (போன் ஆன் ஆகத் தேவையான ஃபைலை) மாத்தியிருந்தா பிக்சலுக்கும் அதே கதி.

சில போன்ல, ஆன் பண்ணதும் வர்ற எச்சரிக்கையே பூட்லோடரை லாக் பண்ணுன்னு சொல்லுது. சில ஃபிளாஷ் டூல்ல, எல்லாத்தையும் அழிச்சு லாக் பண்றதுதான் முன்னாடியே டிக் ஆகி உக்காந்திருக்கு. பையன் என்ன பண்ணுவான்?

லாக் பண்ண ஆசைப்படறதே யூபிஐக்குத்தான். பாலக்கோடு தக்காளி மண்டியில காய் போடற அப்பாவுக்குப் பணம் விழறது பையனோட போன்ல. அன்லாக் போன்ல பேங்க் ஆப் திறக்கலைன்னா வீட்டுல சண்டை. "லாக் பண்ணா ஆப் ஓடும்"னு எவனோ சொல்றான். சுத்தப் பொய்ங்க அது. பல பேங்க் ஆப் நம்பற பிளே இன்டெக்ரிட்டிங்கற கூகுள் சோதனை கேக்கறது, கூகுள் சான்று வாங்கின சாஃப்ட்வேரான்னு. ஒழுங்கா மஞ்சள்ல லாக் பண்ணினாலும் கஸ்டம் ரோம் அதுல நேர் வழியில தேறாது. பேங்க் நினைச்சா, ஹார்டுவேர் அட்டெஸ்டேஷன் (போனோட சிப்பே தர்ற சான்று) வழியா அந்த ரோமோட சாவியை ஏத்துக்கலாம். அதுக்கு வழி இருந்தும் செய்ய மாட்டேங்கறாங்களேன்னுதான் வயிறு எரியுது.

சரி, உங்க மாடலுக்கு லாக் பண்ணலாம்னு ரோம் செஞ்சவங்களே எழுதியிருக்காங்களா? இல்லன்னா தொடாதீங்க. இருந்தாலும் செக்யூரிட்டி பேட்ச் தேதியைப் பாருங்க. போன்ல இருந்ததைவிட ரோம்ல இருக்கறது பழசுன்னா, ரோல்பேக் தடுப்பு (பழைய சிஸ்டத்துக்குத் திரும்ப விடாத பாதுகாப்பு) இருக்கற போன்கள்ல லாக் பண்ணதும் செத்துடும். ஃபேர்போன் 4-ல இப்படி மாட்டினவங்க உண்டு. கம்ப்யூட்டர்ல இருந்து 'ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷிங் கெட் அன்லாக் எபிலிட்டி'ன்னு கமாண்ட் குடுத்து 1 (திரும்ப அன்லாக் பண்ணலாம்) வருதான்னு பாருங்க, 0 வந்தா லாக் வேண்டாம். லாக் பண்ணும்போது டேட்டா மொத்தமும் அழியும், போட்டோவை முன்னாடியே எடுத்து வச்சிடுங்க. முக்கியமா, லாக் ஆனப்புறம் போன் நல்லா ஆன் ஆகறதைக் கண்ணால பார்க்கற வரைக்கும் ஓஇஎம் அன்லாக்கிங்கை (பூட்லோடரை அன்லாக் பண்ண விடற செட்டிங்கை) ஆஃப் பண்ணாதீங்க. ஆஃப் பண்ணிட்டு போன் ஆன் ஆகலைன்னா திரும்பி வர்ற கதவும் மூடிடும். அப்புறம் ஈடிஎல் மோடுங்கற அவசர வழிதான், அதுக்கும் சில கம்பெனி அனுமதி வச்ச அக்கவுன்ட் கேக்கும்.

மஞ்சளுக்கு வழியில்லாத போனா? ஆரஞ்சுலயே வச்சுக்குங்க. போன் வேற கைக்குப் போனா சிஸ்டத்தை மாத்திட முடியும், அந்த ஆபத்து நிஜம். நீளமான பாஸ்வேர்டு வைங்க, கண்ட இடத்துல போனைக் குடுத்துட்டு வராதீங்க.

வீடியோ போடற அண்ணன்களா, தலைப்புலயே போன் மாடலை எழுதுங்க. 'எல்லா ஆண்ட்ராய்டுக்கும்'னு போட்டிருக்கறதை இன்னைக்கே எடுங்க.