கன்னெல்லோனி குறிப்பு எழுதுறவங்களே, தண்ணிக் கணக்கை ஏன் மறைக்கிறீங்க?

"குழாய்க்குள்ள கறியை அடைங்க, மேல வொயிட் சாஸ் ஊத்துங்க, 20 நிமிஷம் ஓவன்ல வைங்க, அவ்வளவுதான்." கன்னெல்லோனிங்கிற இத்தாலியக் குழாய் பாஸ்தாவுக்குக் கிடைக்கிற குறிப்புகள்ல முக்கால்வாசி இப்படித்தான் இருக்கு. அரைக் கிலோ கறி, ஒரு லிட்டர் பால், அரை நாள் உழைப்பு. அத்தனையும் கொட்டினவங்க தட்டுல கடைசியில வர்றது ஓரம் கடுக்குனு கடிபடுற குழாய். வயிறு எரியுது.

காய்ஞ்ச பாஸ்தா வேகணும்னா கிட்டத்தட்ட தன் எடை அளவுக்குத் தண்ணி குடிக்கணும். 250 கிராம் பாக்கெட்டுன்னா கால் லிட்டர். சாஸைத் தவிர அது வேற எங்கேருந்து வரும்? அப்படியிருக்க, லிட்டர் பாலுக்கு 100 கிராம் மைதா போட்டு வொயிட் சாஸைக் களி மாதிரி கிண்டச் சொன்னா குழாய் எதைக் குடிக்கும்? வேகவைக்காத குழாய்க்கு லிட்டருக்கு 60 கிராம் வெண்ணெய், 60 கிராம் மைதா போதும். கரண்டியிலேருந்து ஒழுகி ஓடணும். 30க்கு 20 செ.மீ. தட்டோட அடியில 300 மி.லி. தக்காளி சாஸும் வேணும். குழாயை ஒரே அடுக்கா வைங்க; வெளியே நீட்டிக்கிட்டிருக்கிற முனை ஒருநாளும் வேகாது. 180 டிகிரியில அலுமினியத் தாள் மூடி 30 நிமிஷம், திறந்து 10 முதல் 15 நிமிஷம். கத்தி நுனி தடையில்லாம இறங்கினாத்தான் வெந்திருக்குன்னு அர்த்தம். இந்தத் தாள் விஷயத்தை ஒருத்தர்கூட எழுத மாட்டேங்கிறாங்களே!

இன்னொரு கூட்டம், "முதல்ல குழாயை வேகவைங்க"ங்குது. வேகவைக்கத் தேவையில்லைன்னு பாக்கெட்லயே போட்டிருக்கிற குழாயை வேகவைச்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அடைக்கும்போது பக்கவாட்டுல கிழியும். வேகவைச்சே ஆகணும்னா சதுர பாஸ்தாத் தாளா வாங்கி, வேகவைச்சு, ஈரத்துணியில பரப்பி, கறியை வச்சுச் சுருட்டுங்க. அதுக்கு மட்டும் சாஸ் கெட்டியா, லிட்டருக்கு 80, 90 கிராம் மைதாவோட இருக்கலாம். வேற பாஸ்தா, வேற சாஸ். ரெண்டையும் ஒரே குறிப்புல கலக்காதீங்க.

எல்லாத்தையும் விட ஆத்திரம் வர்றது பச்சைக் கொத்துக்கறியை அப்படியே அடைக்கச் சொல்றதுதான். கறி வெந்தாச் சுருங்கும். உள்ளே வெற்றிடம், வெளியே கறித்தண்ணியும் கொழுப்பும். அது சாஸ்ல கலந்து திரிதிரியாப் பிரியும். ஸ்பெயின்ல இருக்கிற கேட்டலோனியாவைப் பாருங்க. டிசம்பர் 26, சான்த் எஸ்தேவா திருநாள். முந்தின நாள் கிறிஸ்துமஸ் விருந்துல மிஞ்சின வெந்த கோழி, பன்றி, மாட்டுக்கறியைத்தான் அரைச்சு பாஸ்தாத் தாள்ல சுருட்டுறாங்க. ஏற்கெனவே வெந்த கறி, சுருங்க எதுவும் மிச்சமில்லை. அந்த மேசையில தண்ணி கட்டி நிக்காததுக்குக் காரணம் அதுதான்.

புதுசா கறி வாங்கிச் செய்யறவங்களுக்கு: பொடியா நறுக்கின வெங்காயம், கேரட், செலரியை 10 நிமிஷம் வதக்கித் தனியா எடுங்க. 500 கிராம் கொத்துக்கறியை அகலமான சட்டியில ரெண்டு தடவையாப் பிரிச்சுப் போட்டு, ஈரம் வத்திச் சிவக்க விடுங்க. மொத்தமாக் கொட்டினா வறுபடாது, தன் தண்ணியிலேயே அவியும். 100 மி.லி. வெள்ளை வைன் ஊத்தி வத்தட்டும். வைன் வேண்டாம்னா கறிச்சாறு. நல்லா ஆறினப்புறம் வதக்கினதையும் சேர்த்து மிக்ஸியில ரெண்டே சுத்து. 80 கிராம் பார்மிஜானோ சீஸ், ஒரு முட்டை, ஒரு கரண்டி வொயிட் சாஸ், கொஞ்சம் ஜாதிக்காய்த் தூள். தடிமனான பிளாஸ்டிக் பையோட மூலையை வெட்டிப் பிழிஞ்சா இருபது குழாயும் சட்டுனு நிரம்பிடும். சின்ன ஸ்பூனால அடைக்கச் சொல்றவங்க ஒரு பாக்கெட்டாவது முழுசா அடைச்சுப் பார்த்திருப்பாங்களா?

வொயிட் சாஸ்ல மாவு நாத்தம் வருதுன்னா, கெட்டியானதும் அடுப்பை அணைச்சிட்டீங்கன்னு அர்த்தம். கொதி வந்தப்புறமும் சிறுதீயில 5 நிமிஷம் கிளறணும்.

மேல தண்ணியில ஊறின மொசரெல்லா சீஸைக் குவிக்கிறது வேற. அது விடுற தண்ணி அவ்வளவும் சாஸ் மேல தேங்கும். துருவின பார்மிஜானோவும் நாலு துண்டு வெண்ணெயும் போதும்.

ஓவன்லேருந்து எடுத்த கையோட ஆவி பறக்க வெட்டிக் காட்டுறாங்களே, அதைப் பார்த்து வெட்டினா சாஸ் தட்டு பூரா ஓடும், கறி பிதுங்கும். 15 நிமிஷம் தொடாம வைக்கணும். படம் நல்லா வரணும்ங்கிறதுக்காக அந்த ஒரு வரியை விட்டுடாதீங்க, தயவுசெஞ்சு எழுதுங்க.