ரமோன்ஸுக்கு இசைக்கருவி வாசிக்கத் தெரியாதா?

"வாசிக்கத் தெரியாததால்தான் ரமோன்ஸ் பாட்டுகள் எளிமையாக இருந்தன" என்று அமெரிக்க பங்க் ராக் இசைக்குழுவான ரமோன்ஸைப் பற்றிய ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. 1974-ல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் தொடங்கியபோது ஜோயி டிரம்ஸ் வாசித்தார், டீ டீ பாஸ் கிதார் வாசித்துக்கொண்டே பாடினார். டீ டீக்கு இரண்டும் சேர்ந்து வரவில்லை, வேகம் ஏற ஏற ஜோயி பின்தங்கினார். ஜோயி மைக்குக்கு வந்து, மேலாளராக இருந்த டாமி டிரம்ஸில் உட்கார்ந்த பிறகுதான் குழு அமைந்தது. இதெல்லாம் யோசித்துச் செய்த மாற்றங்கள்.

கிதார் வாசித்த ஜானியின் வலது கையைக் கவனியுங்கள். எல்லா அடியும் மேலிருந்து கீழே மட்டும்தான். மேலும் கீழுமாக அடித்தால் கை மேலே வரும்போது மெல்லிய தந்திகள் முதலில் படும், அந்த அடி இளைத்துவிடும். கீழ்நோக்கி மட்டும் அடித்தால் ஒவ்வொன்றும் ஒரே கனத்தில் விழும். நிமிடத்துக்கு 170 தாளம், தாளத்துக்கு இரண்டு அடி என்றால் 340 அடி! தந்தியை அடிக்கும் சிறு தகடான பிக்கை இறுக்கிப் பிடித்தால் இரண்டாவது பாட்டிலேயே முன்கை மரத்துப்போகும். இதைப் பழகுபவர் மணிக்கட்டைத் தளர்த்தி, வீச்சைக் குறைத்து, நிமிடத்துக்கு 120 தாளத்தில் தொடங்கி ஐந்தைந்தாக ஏற்ற வேண்டும்.

முதல் ஆல்பம் 1976 பிப்ரவரியில் ஏறக்குறைய ஒரு வாரத்தில், 6,400 டாலர் செலவில் பதிவானது. 14 பாட்டு, மொத்தம் அரை மணிக்கும் குறைவு. ஸ்டீரியோவில் பாஸ் இடப்பக்கம், கிதார் வலப்பக்கம். ஹெட்ஃபோனில் வலது காதை மட்டும் வைத்துக் கேளுங்கள், ஜானியின் கை எங்கேயும் தளராதது தெரியும்.