பொன்னாடைக்கு ஒரு மணி நேரம், தேநீருக்குப் பத்து நிமிடம்

புதுச்சேரியில் நடக்கும் தொழில் கூட்டங்களின் அழைப்பிதழில் 'தொடர்புகளை வளர்த்துக்கொள்ள அரிய வாய்ப்பு' என்ற வரி தவறாமல் இருக்கிறது. நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் அந்த அரிய வாய்ப்பு தேநீர் இடைவேளைதான். அதிலும் பாதியை முந்தைய பேச்சாளர் விழுங்கிவிடுவார். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, விட்டுப்போனவருக்கு மறுபடியும் பொன்னாடை. அரிக்கமேட்டில் ரோமானியர்களோடு வணிகம் செய்த மண் இது என்று மேடையில் ஒருவர் முழங்குவார். கீழே, சேதராப்பட்டில் அட்டைப்பெட்டி செய்கிறவரும், அதே பெட்டியைச் சென்னையிலிருந்து லாரி வாடகை கொடுத்து வரவழைக்கும் தட்டாஞ்சாவடிக்காரரும் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரை ஒருவர் அறியாமலே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியும் விடுவார்கள்.

'அவர்களாகப் போய்ப் பேச வேண்டியதுதானே, குழந்தைகளா என்ன?' என்பது அமைப்பாளர்களின் வழக்கமான பதில். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பால் இங்ரம், மைக்கேல் மோரிஸ் இருவரும் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களை ஒரு மாலை விருந்துக்கு அழைத்து, யார் யாரோடு பேசுகிறார் என்பதை மின்னணு அட்டைகளை அணிவித்துக் கவனித்தார்கள். புதியவர்களைச் சந்திப்பதே நோக்கம் என்று முன்கூட்டிச் சொன்னவர்கள்கூட, விருந்தில் ஏற்கெனவே தெரிந்தவர்கள் பக்கமே சாய்ந்தார்கள். நியூயார்க் மேலாளர்களுக்கே இந்தக் கதி என்றால், கடலூர் சிப்காட் பக்கத்திலிருந்து முதல் முறையாக நட்சத்திர ஓட்டலுக்குள் வரும் பட்டறைக்காரர் சுவர் ஓரமாக நிற்பதில் என்ன வியப்பு?

தெரிந்தவரோடு பேசினால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்கலாம். நமக்குத் தெரிந்ததுதான் அவருக்கும் தெரியும், அதுதான் குறை. சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973இல் இதைக் காட்டினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அவர் விசாரித்தபோது, அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்துவந்ததாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்குக் கைகொடுத்தது எப்போதாவது எதிர்ப்படும் ஆள்.

ஆகவே பேச வைப்பது கூட்டம் நடத்துகிறவரின் பொறுப்பு. கல்யாண வீட்டில் ஒரு பெரியப்பா இருப்பார். வருகிறவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், 'இவர் நம்ம நெல்லிக்குப்பத்து மாமாவின் சம்பந்தி' என்று ஒருவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு அடுத்தவரைத் தேடிப் போய்விடுவார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அப்படி நாலு பேரை நியமிக்கலாம். வாசலில் பன்னீர் தெளிக்க ஆள் வைக்கத் தெரிகிறதே.

கழுத்தில் மாட்டும் அட்டையைப் பாருங்கள். விளம்பரதாரரின் சின்னம் உள்ளங்கை அளவு, ஆளின் பெயர் எறும்பு அளவு. அதுவும் மின்விசிறிக் காற்றில் திரும்பிக்கொண்டு வெற்றுப் பக்கத்தைக் காட்டும். பெயரைத் தமிழிலும் பெரிதாக, இரண்டு பக்கமும் அச்சிட வேண்டும். கீழே, 'பிளாஸ்டிக் அச்சு செய்கிறேன், ஏற்றுமதி தெரிந்தவரைத் தேடுகிறேன்' என்று ஒரு வரி. பேச்சைத் தொடங்க அது போதும். வானிலையை விசாரிக்க வேண்டாம்.

சாப்பாட்டு ஏற்பாடு அதைவிட மோசம். இடது கையில் தட்டு, வலது கையில் கரண்டி, எதிரே ஒருவர் விசிட்டிங் கார்டை நீட்டுகிறார். எந்தக் கையால் வாங்குவது? தட்டை வைக்க இடுப்பளவு உயர மேசைகள் பத்து போட்டால் தீர்ந்தது. நின்று பேசுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வட்டத்தை அடைத்துக்கொண்டு நிற்காதீர்கள், இன்னொருவர் நுழைய இடம் விடுங்கள். பெரும்பாலும் அந்த இன்னொருவர், தனியாகத் தொழில் நடத்திக்கொண்டு தனியாகவே வந்திருக்கும் ஒரு பெண்ணாக இருப்பார்.

மொழியையும் சொல்லியாக வேண்டும். அறிமுகங்கள் ஆங்கிலத்தில் தொடங்கியதும் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள். தொழில் நுணுக்கத்தைத் தமிழில் மணிக்கணக்கில் விளக்கக்கூடியவர்கள் அவர்கள்.

அமெரிக்காவில் ஹாரிசன் ஓவன் என்பவர், மாநாட்டில் உருப்படியாக நடப்பது காபி இடைவேளைதான் என்று கண்டு, வந்தவர்களே பேசுபொருளைத் தீர்மானிக்கும் கூட்ட முறையை 1985இல் தொடங்கினார். தலைமை விருந்தினரே தேவைப்படாத கூட்டம் அது. நம் ஊரில் எடுபடுமா என்பது சந்தேகம்தான், பொன்னாடைகளை என்ன செய்வது?

கூட்டம் முடிந்த மறுநாள் வாட்ஸ்அப் குழு தொடங்குவார்கள். அந்த வார இறுதிக்குள் அதில் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் மட்டுமே மிஞ்சும். அதற்குப் பதில், யார் என்ன செய்கிறார், எதைத் தேடுகிறார் என்ற பட்டியலை, அவரவர் சம்மதத்தோடு, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். கைபேசி எண் தரத் தயங்குகிறவர்களுக்குப் பெயரும் தொழிலும் ஊரும் போதும். மீதியை அவர்கள் நேரில் கேட்டுக்கொள்வார்கள்.