சோம்நாத் ஹோரின் பஞ்சகால ஓவியங்கள் சிற்பத்துக்கான முன்வரைவுகள் அல்ல
வங்க ஓவியரும் சிற்பியுமான சோம்நாத் ஹோரின் பஞ்சகால ஓவியங்கள் எல்லாம் அவருடைய வெண்கலச் சிற்பங்களுக்காகப் போட்ட முன்வரைவுகள் என்று இங்கே ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார், பலரும் அதை அப்படியே பகிர்கிறார்கள். அப்படி இல்லைங்க. 1943 வங்கப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களை நேரில் பார்த்து, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞராக, கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகைக்காக அவர் வரைந்தவை அவை. 1946இல், விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்டுப் போராடிய வங்கத்தின் தேபாகா குத்தகை விவசாயிகளோடு இருந்து அந்தப் போராட்டத்தையும் வரைந்தார். அப்புறம் நீண்ட காலம் அச்சோவியம்தான், அதாவது பலகையிலோ தகட்டிலோ செதுக்கி அச்செடுக்கும் ஓவியம். வெண்கலத்துக்கு வந்ததே 1970களில், ஐம்பது வயதைத் தாண்டி. எலும்பும் தோலுமான அந்த உடல்கள் முப்பது வருஷம் கழித்தும் அவரை விடவில்லை என்பது உண்மைதான், ஆனால் அதற்காக அந்தக் கோடுகளை ஒத்திகை என்று சொல்வது பெரிய அநியாயம். அருங்காட்சியகப் பட்டியலிலோ கண்காட்சி நூலிலோ ஓவியத்தின் ஆண்டையும் சிற்பத்தின் ஆண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், யாருக்கும் தெரிந்துவிடும்.