கியர்பாக்ஸ் பக்கம் ஆயில் சொட்டினால் கிராங்க் சீல்தானா?

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டினால் பின்பக்க கிராங்க் சீல் (எஞ்சினின் சுழல்தண்டு கியர்பாக்ஸ் பக்கம் வெளியே வரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் வளையம்) போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். சீலும் காரணமாக இருக்கலாம்தான். ஆனால் பழைய எஞ்சின்களில் வால்வு கவர் கேஸ்கட் (எஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் ஆயில் கசியாமல் தடுக்கும் பட்டை) இறுகிப்போய்க் கசிவது சகஜம். அந்த ஆயில் எஞ்சினின் பின்புறமாக வழிந்து இதே இடத்தில் வந்து சொட்டலாம். கேஸ்கட் மாற்றுவது பெரும்பாலும் சின்ன வேலை. கியர்பாக்ஸை இறக்குவது அப்படியா?

நீங்களே பார்த்துவிடலாம். எஞ்சின் ஆறியதும் டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவம்) போட்டு நன்றாகத் துடையுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்து, ஈரம் தெரிகிற மிக உயரமான இடத்தைத் தேடுங்கள். அநேகமாக கசிவு தொடங்குவது அங்கேதான். மேலெல்லாம் காய்ந்திருந்து கீழே மட்டும் நனைந்திருந்தால், அப்புறம் சீலைச் சந்தேகிக்கலாம்.