மாதாமாதம் கட்டுகிறவன் என்ன இளிச்சவாயனா?

எங்கள் ஏரியா ஜிம்மில் ஒரு மாதத்துக்கு 2,000 ரூபாய். மொத்தமாக ஒரு வருடத்துக்குக் கட்டினால் 10,000. அதாவது கையில் பணம் உள்ளவனுக்கு மாதம் 833 ரூபாய்தான். வாடகை, கரண்ட் பில், பிள்ளையின் வேன் ஃபீஸ் எல்லாம் போக மிச்சத்தை எண்ணிப் பார்க்கிற எனக்கு மட்டும் 2,000! இல்லாதவனிடம்தான் இரண்டு மடங்குக்கு மேல் பிடுங்குவீர்களா?

கேட்டால், "இன்னிக்கு மட்டும்தான் சார் ஆஃபர், வருஷத்துக்கே போட்டுடுங்க" என்கிறார்கள். அந்த ஆஃபர் பேனர் பொங்கலுக்குக் கட்டியது. ஆடி வந்தும் அங்கேயேதான் தொங்குகிறது.

வருடப் பணம் கட்டிய அத்தனை பேரும் ஒரே சாயங்காலம் வந்தால் உள்ளே நிற்க இடம் இருக்காது. அது அவர்களுக்கும் தெரியும். ஜனவரியில் சேர்கிற கூட்டம் பாதியில் நின்றுவிடும் என்ற கணக்கில்தான் பிழைப்பே ஓடுகிறது. பணம் முன்கூட்டியே வந்துவிட்டது, அப்புறம் எதற்கு மெனக்கெட வேண்டும்? கம்பியைப் பிடித்துக் கீழே இழுக்கிற புல்டவுன் மெஷினின் வயர் அறுந்து, அதில் ஒட்டிய 'ரிப்பேர்' பேப்பரே வெளுத்துப்போய்விட்டது.

ரசீதின் அடியில் பொடி எழுத்தில், 'கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது.' சேவையில் குறை இருந்தும் பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. புகார் சொல்ல 1915 என்ற எண்ணும் இருக்கிறது. ஆனால் லீவு போட்டால் சம்பளம் பிடிக்கிற வேலையில் இருப்பவன் சில ஆயிரத்துக்காக எத்தனை நாள் அலைவான்? அந்த தைரியத்தில்தான் அப்படி அச்சடிக்கிறார்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் ஜிம்முக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. எங்கள் ஜிம் போர்டில் 'ஜிஎஸ்டி உட்பட' என்ற அதே 2,000 அசையவே இல்லை. அந்த வித்தியாசம் யார் பையில் போனது?

உடனே, "வாக்கிங் போ, காசே வேண்டாம்" என்று ஒருவர் வந்துவிடுவார். எங்கே நடப்பது? நடைபாதையில் வரிசையாக பைக், டிரான்ஸ்ஃபார்மர், டீக்கடை பெஞ்ச். விடியற்காலையில் தெருமுனையில் நாய்க்கூட்டம். வேலை முடிந்து எட்டு மணிக்கு வருகிற பெண் எந்த இருட்டுத் தெருவில் நடப்பாள்? அதோடு, நடந்தால் மட்டும் போதாது, வாரம் இரண்டு நாளாவது தசைக்கும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. பக்கத்துப் பூங்காவில் நம் வரிப்பணத்தில் வைத்த கருவிகளில் பெடல் இருந்தால் சீட் இல்லை. அந்தப் பூங்காவின் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பூட்டு. சாவி யாரிடம் என்று வாட்ச்மேனுக்கே தெரியவில்லை.

பட்ஜெட் இடிக்கிறவர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் வருடத்துக்குக் கட்டாதீர்கள். கடன் வாங்கியோ கார்டில் இஎம்ஐ போட்டோ கட்டவே கட்டாதீர்கள். ஜிம்காரர்களே, மாதம் 900 என்று போடுங்கள், வயரை மாற்றுங்கள். மாதம் பிறந்ததும் நானே வந்து கட்டுகிறேன்.